பிரிட்டனின் கைகாட்டிகளை வட்டாரவாரியாக அடையாளம் காணுதல்

பிரிட்டிஷ் ரயில் படமொன்றில் பழைய கைகாட்டி, அதாவது கம்பத்தில் அசையும் கையால் ரயிலுக்கு ‘நில்’, ‘போ’ என்று காட்டும் சிக்னல், தென்பட்டால், வழிவிடும்போது கை எப்பக்கம் சாய்கிறது என்று முதலில் பாருங்கள்: கீழே இறங்கினால் அது பெரும்பாலும் கிரேட் வெஸ்டர்ன் என்ற ரயில் நிறுவனத்தின் மரபு, மேலே உயர்ந்தால், 1920களிலிருந்து பிற நிறுவனங்கள் கைக்கொண்ட முறை. கையை இயக்கும் கம்பி அறுந்தாலும் உயரும் கை தன் எடையாலேயே கிடைநிலைக்கு வந்து ‘நில்’ என்று காட்டிவிடும். இறங்கும் கைக்கோ எதிர் எடை தேவை, ஆயினும் கிரேட் வெஸ்டர்ன் பிடிவாதமாக மாறவில்லை. கை கிடையாகவே நின்றால் கம்பத்தை நோக்குங்கள். பழைய தண்டவாளங்கள் இரண்டை இணைத்து நிறுத்தியிருந்தால், அது இங்கிலாந்தின் தென்பகுதியில் ஓடிய சதர்ன் ரயில்வேயின் சிக்கனம். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்: நிறுத்தத்துக்கான சிவப்புக் கையும், நுனியில் மீன்வாலாக வெட்டிய மஞ்சள் முன்னறிவிப்புக் கையும் இரு முறைகளுக்கும் பொது.