நீண்ட ரயில் பயணம்: எந்த ஊரில் இறங்கித் தூங்குவது, எந்த வேளைக்கு எதைச் சாப்பிடுவது

மதுரையிலிருந்து குவாஹாத்தி மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். மகள் குடும்பம் அங்கே இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு விமானம் ஏறினால் காது வலி தாங்காது, அதனால் எங்களுக்கு ரயில்தான். அவருக்குச் சர்க்கரையும் உண்டு. காலை எட்டரை, மதியம் ஒன்று, இரவு எட்டு, இந்த நேரங்களில் சாப்பாடு கையில் இருந்தாக வேண்டும். "அடுத்த ஸ்டேஷனில் பார்த்துக்கலாம்" என்று சொல்லும் வசதி எங்களுக்கு இல்லை. அதனால் நான் போடும் திட்டம் கொஞ்சம் கறாராக இருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள், பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

இறங்கித் தங்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரை விவேக் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. சுமார் 4,200 கிலோமீட்டர், மூன்று நாளுக்கு மேல். நம் நாட்டிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் வண்டி அதுதான். ஒரே பர்த்தில் படுத்தபடி போய்ச் சேரலாம். வயசுப் பிள்ளைகள் போகட்டும். அறுபதைத் தொட்டவர்களுக்கு இரண்டாம் நாள் காலையிலேயே கால் வீங்கிவிடும். அந்த நேரத்துக் கழிப்பறையைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. ஒரு ராத்திரி வண்டியில், ஒரு ராத்திரி ஊரில் என்று வைத்துக்கொண்டால் போய் இறங்கும்போது மனிதராக இறங்கலாம். நடுவில் ஒரு நல்ல குளியல் கிடைத்தால் இரண்டு ராத்திரி தொடர்ந்து வண்டியில் போகவும் எங்களால் முடிகிறது.

இறங்கும் ஊரை எப்படித் தேர்ந்தெடுப்பது

பலரும் வரைபடத்தை விரித்து, சரியாக நடுவில் எந்த ஊர் வருகிறது என்று பார்க்கிறார்கள். நான் கடிகாரத்தைத்தான் பார்ப்பேன். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் இறக்கிவிடும் வண்டி, சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டுக்குள் ஏற்றிக்கொள்ளும் வண்டி. இந்த இரண்டும் அமைகிற ஊர்தான் தங்கும் ஊர். காரணம் எளிது. காலை ஏழுக்கு வர வேண்டிய வண்டி நான்கு மணி நேரம் தாமதமானாலும் பகல் பதினொன்றுக்கு வந்துவிடும். ஆட்டோ இருக்கும், கடை இருக்கும், அறை கிடைக்கும். இரவு ஒன்பதுக்கு வர வேண்டியது அதே நான்கு மணி நேரம் தாமதமானால் நடுராத்திரி ஒரு மணிக்குப் பெட்டியோடு தெரியாத ஊரில் நிற்க வேண்டியதுதான்.

எங்கள் கணக்கு இப்படி. முதல் நாள் காலை மதுரையில் வைகை எக்ஸ்பிரஸ். மதியத்துக்கு மேல் எழும்பூர். அங்கிருந்து சென்ட்ரலுக்கு ஆட்டோ. (இரண்டும் பக்கம்தான், ஆனால் பெட்டியோடு நடக்க வேண்டாம்.) சாயங்காலம் சென்ட்ரலில் ஏறினால் மறுநாள் காலை விசாகப்பட்டினம். சென்னையிலிருந்து சுமார் 780 கிலோமீட்டர், ஒரு ராத்திரித் தூக்கத்துக்குச் சரியான தூரம். அன்று முழுக்கவும் அந்த ராத்திரியும் விசாகப்பட்டினத்தில். மூன்றாம் நாள் மாலை மறுபடி ஏறி, நான்காம் நாள் காலை ஹவுரா. குளித்துச் சாப்பிட்டுவிட்டு, பிற்பகலில் ஹவுராவிலிருந்து கிளம்பும் சராய்காட் எக்ஸ்பிரஸ். ஐந்தாம் நாள் காலை பத்து மணி வாக்கில் குவாஹாத்தி. வண்டி நேரங்கள் அவ்வப்போது மாறும், நீங்கள் போகும் மாதத்துக்கு ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

கொல்கத்தா பக்கம் ஒரு எச்சரிக்கை. சென்னையிலிருந்து போகும் எல்லா வண்டியும் ஹவுராவில் முடிவதில்லை. கோரமண்டல் இப்போது ஷாலிமாரில் முடிகிறது, சில வண்டிகள் சாந்த்ராகாச்சியோடு நின்றுவிடும். டிக்கெட்டில் கடைசி ஸ்டேஷனின் பெயரைப் படித்துவிட்டு மட்டுமே அடுத்த வண்டியைத் தேடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் வடக்கே மூடுபனி. வண்டிகள் ஐந்து, ஆறு மணி நேரம் தாமதமாவது சாதாரணம். அந்த மாதங்களில் ஒரே நாளில் வண்டி மாறும் திட்டமே போட மாட்டேன். போட்டே ஆக வேண்டும் என்றால், இரண்டு டிக்கெட்டின் பிஎன்ஆரையும் (டிக்கெட்டில் இருக்கும் பத்து இலக்க எண்) இணைத்து வையுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து அந்த வசதி உண்டு. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது டிக்கெட்டின் பணம் பிடித்தம் இல்லாமல் திரும்பி வரும்.

டிக்கெட், அறை, தேதி

ஒரே டிக்கெட்டில் நடுவில் இறங்கித் தங்கவும் ரயில்வே விதி இடம் தருகிறது. 500 கிலோமீட்டருக்கு மேல் போகும் டிக்கெட்டாக இருக்க வேண்டும், முதல் 500 கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் இறங்கலாம். 1,000 கிலோமீட்டர் வரை ஒரு முறை, அதற்கு மேல் இரண்டு முறை. இறங்கும் நாளையும் ஏறும் நாளையும் விட்டுவிட்டு இரண்டு நாள் தங்கலாம். சென்னையிலிருந்து டிக்கெட் எடுத்தவர் விஜயவாடாவில் இந்த விதியில் இறங்க முடியாது, அது 430 கிலோமீட்டர்தான். விசாகப்பட்டினத்தில் முடியும். ராஜதானி, சதாப்தி மாதிரி வண்டிகளில் கிடையாது. இதற்குக் கவுண்டருக்குப் போய், எங்கே இறங்குவோம், எந்தத் தேதியில் மறுபடி ஏறுவோம் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்ல வேண்டும். இறங்கிய ஸ்டேஷனில் டிக்கெட்டில் குறிப்பு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதில் லாபம் உண்டு. தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கு ஆகும் கட்டணம் குறையும் என்பதால், தனித்தனி டிக்கெட்டை விட இது மலிவு. இருந்தும் நான் தனித்தனியாகத்தான் எடுக்கிறேன். யாருக்காவது காய்ச்சல் வந்து ஒரு நாள் கூடத் தங்க வேண்டி வந்தால், பயணத்தின் ஒரு துண்டை மட்டும் ரத்து செய்து மாற்றிக்கொள்ளலாம். அந்த நிம்மதிக்குக் கொடுக்கும் விலையாக வைத்துக்கொள்கிறேன்.

தனித்தனியாக எடுப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது (முன்பு 120 நாள்). உங்கள் முதல் துண்டு இன்று திறந்தால், கடைசித் துண்டு மூன்று நாலு நாள் கழித்துத்தான் திறக்கும். எந்தத் துண்டில் இடம் கிடைப்பது கஷ்டமோ அது திறக்கும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். எங்களுக்கு அது ஹவுரா–குவாஹாத்தி. அது கிடைக்கவில்லை என்றால் மற்றதை ரத்து செய்யத் தயாராக இருப்பேன்.

அப்புறம் அந்த நடுராத்திரித் தேதி. 15ஆம் தேதி 00:20க்கு வண்டி என்று போட்டிருந்தால் 14ஆம் தேதி ராத்திரிச் சாப்பாடு முடித்ததும் ஸ்டேஷனில் இருக்க வேண்டும். படித்தவர்களே இதில் ஒரு நாள் தள்ளிப் போய் நிற்கிறார்கள். நடுராத்திரி தாண்டும் வண்டி வேறு வழியில்லாமல் அமைந்தால், நான் டிக்கெட்டின் மேலேயே "14 ராத்திரி" என்று பேனாவால் எழுதிவிடுவேன்.

தங்க, ஸ்டேஷனிலேயே இருக்கும் ரிடையரிங் ரூம்தான் என் முதல் விருப்பம். ஐஆர்சிடிசி தளத்தில் பிஎன்ஆர் போட்டுப் பதிவு செய்யலாம். உறுதியான டிக்கெட்டோ ஆர்ஏசியோ (உட்கார இடம் மட்டும் உறுதியான டிக்கெட்) இருக்க வேண்டும். அந்த டிக்கெட் தொடங்கும் ஊரிலோ முடியும் ஊரிலோதான் அறை கேட்க முடியும். தனித்தனி டிக்கெட் எடுப்பதற்கு இது இன்னொரு காரணம். 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று எடுக்கலாம். ஹவுராவில் அரை நாள் குளித்து ஓய்வெடுக்க 12 மணி நேரமே போதும். அறைகள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வெளியே லாட்ஜ் என்றால் வாடகையைக் கேட்பதற்கு முன் "செக்-அவுட் பன்னிரண்டு மணியா, 24 மணி நேரமா?" என்று கேளுங்கள். காலை எட்டுக்குப் போய் நிற்கும் நமக்கு, நண்பகல் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜில் நாலு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை போய்விடும். மாலை வண்டி வரை பெட்டியை மட்டும் வைக்க க்ளோக் ரூம் இருக்கிறது. பூட்டுப் போடாத பையை வாங்க மாட்டார்கள், சின்னப் பூட்டு இரண்டு கூடவே வையுங்கள்.

சாப்பாடு

ஒரு தாளில் வேளைகளை வரிசையாக எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்று: வீட்டிலிருந்து, ஊரில், வண்டியில். வண்டியில் என்று எழுதும் வேளைகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

முதல் நாள் காலைக்கு இட்லி. இரண்டு பக்கமும் மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாழையிலையில் கட்டினால் காயாது, சட்னியும் தேவையில்லை. தேங்காய்ச் சட்னி பக்கமே போகாதீர்கள், முதலில் கெடுவது அதுதான். மதியத்துக்குத் தயிர்சாதம். சாதத்தைக் குழைய வடித்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது நிறையப் பாலும் ஒரே ஒரு கரண்டித் தயிரும் விட்டுப் பிசைந்து எடுத்துப் போனால், சாப்பிடும் நேரத்துக்கு வண்டியிலேயே தோய்ந்து புளிக்காமல் இருக்கும். தாளிக்கலாம், வெங்காயம் போட வேண்டாம்.

ராத்திரிக்குப் புளியோதரை. புளியும் எண்ணெயும் சேர்ந்து மறுநாள் காலை வரை காப்பாற்றும். ஆனால் ஒரு நிபந்தனை. சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகுதான் டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி வியர்த்து, அந்தத் தண்ணீர் சாதத்தில் சொட்டும். எவ்வளவு எண்ணெய் ஊற்றியிருந்தாலும் அந்த ஈரம் கெடுத்துவிடும். ஒரே பெரிய டப்பாவைவிட வேளைக்கு ஒன்றாகச் சின்ன டப்பாக்கள் மேல். திறந்து மூடி, கை பட்டு, கரண்டி பட்டு என்று ஆகாது. வீட்டுக்காரருக்கு அரிசியை அளந்து வைப்பதற்கும் அது வசதி. அவருக்காகச் சுண்டல், வறுத்த வேர்க்கடலை, இரண்டு சப்பாத்தி தனியாக இருக்கும். வண்டி நடுக்காட்டில் நின்றுவிட்டால் அதுதான் கை கொடுக்கும். பொதுவாக ஒரு வேளைச் சாப்பாடு எப்போதும் உபரியாக இருக்க வேண்டும். பிஸ்கட்டை நான் வேளையில் சேர்ப்பதில்லை.

விசாகப்பட்டினத்தில் இறங்காமல் நேராகப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். அந்த ஸ்டேஷனுக்குள் போகும் சென்னை–ஹவுரா வண்டிகளுக்கு அங்கே எஞ்சினை மறுமுனையில் மாட்டுவார்கள், வண்டி வந்த திசையிலேயே திரும்பிக் கிளம்பும். அதனால் இருபது நிமிடம் வாக்கில் நிற்கும். சூடாக வாங்கிவர நேரம் கிடைக்கும். சில வண்டிகள் ஊருக்குள் வராமல் துவ்வாடா வழியாகவே விலகிப் போய்விடும், உங்கள் வண்டி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வண்டியிலேயே இருக்கும் சமையல் பெட்டியான பான்ட்ரியைவிட ஐஆர்சிடிசியின் இ-கேட்டரிங் எனக்குப் பிடிக்கும். பிஎன்ஆர் கொடுத்து, வழியில் இருக்கும் ஸ்டேஷன் ஒன்றைத் தேர்ந்தால் அந்த ஊர்க் கடையிலிருந்து இருக்கைக்கே வரும். செயலி வராதவர்கள் 1323க்கு அழைக்கலாம். எட்டு மணிச் சாப்பாட்டுக்கு எட்டு மணி ஸ்டேஷனைத் தேர்வு செய்யாதீர்கள், ஏழு மணி ஸ்டேஷனைத் தேர்வு செய்யுங்கள். வண்டி தாமதமானாலும் பசி தாங்கும் எல்லைக்குள் வரும், சீக்கிரம் வந்தால் மூடி வைத்துச் சாப்பிடலாம். சராய்காட்டில் வழியில் இருக்கும் மால்டா ஸ்டேஷன் வர ஒன்பது வாக்கில் ஆகிவிடும் என்பதால், அன்றைய ராத்திரிச் சாப்பாட்டை நாங்கள் ஹவுராவிலேயே கட்டிக்கொள்வோம். அந்தப் பக்கம் ஜால்முரி விற்பவர்கள் ஏறுவார்கள். பொரியில் கடுகெண்ணெய் விட்டுக் குலுக்கித் தருவது, மாலை நேரத்துக்கு நல்ல தீனி. ரசகுல்லா வந்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன், அவர் ஒன்று வாங்கிவிடுவார்.

பான்ட்ரிச் சாப்பாடு என்றால் சாதாரண சைவச் சாப்பாட்டுக்கு ரயில்வே வைத்த விலை வண்டிக்குள் 80 ரூபாய். கூடக் கேட்டால் பில் கேளுங்கள், பில் என்றதும் விலை தானாக இறங்கும். ஒரு லிட்டர் ரயில் நீர் 2025 செப்டம்பரிலிருந்து 14 ரூபாய். புகார் சொல்ல 139. மின்சாரக் கெட்டிலை எடுத்துப் போகாதீர்கள், பெட்டியில் அதைப் பயன்படுத்தத் தடை. வெந்நீருக்கு ஒரு நல்ல ஃபிளாஸ்க், டீக்காரரிடம் கேட்டால் ஊற்றித் தருவார்.

மிடில் பர்த்தை இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைதான் போடலாம் என்பது விதி. எட்டு மணிக்கே சாப்பிட்டு முடித்தால் பத்துக்கு யாரோடும் சண்டை இல்லை. கீழே இருப்பவர் பத்தரை வரை இலையை விரித்து உட்கார்ந்திருந்தால் மேலே படுக்க வேண்டியவர் முறைக்கத்தான் செய்வார்.

கடைசிக் காலையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கடிகாரம் நம் ஊர் நேரம்தான், ஆனால் சூரியன் வேறு. ஜூன் மாதத்தில் குவாஹாத்தியில் காலை நாலரைக்கே வெளிச்சம் வந்துவிடும். பெட்டியில் எல்லோரும் ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள், ஆறுக்கே பசிக்கும், வண்டி சேரப் பத்து மணி. அந்த வேளைக்காக ஹவுராவில் ரொட்டி, அவித்த முட்டை, நாலு வாழைப்பழம் வாங்கித் தனிப் பையில் போட்டுவிடுவேன். எங்கள் மாத்திரை டப்பாவும் அதே பையில்தான் இருக்கும்.