குவில்டிங் ஃபுட் மெஷினில் சரியாக உட்காராதபோது செய்யும் தவறுகள்

குவில்ட்டுக்காக மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றடுக்குத் துணியைத் தைக்கும்போது மேல்துணி மட்டும் முன்னால் ஒதுங்கிச் சுருங்குகிறது. தையல் ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் அகலமாகவும் விழுகிறது. திடீரென்று ஊசி முறிகிறது. உடனே பலருடைய கையும் டென்ஷன் திருகுக்குத்தான் போகிறது. நூலை மாற்றுகிறார்கள், பாபினை மாற்றுகிறார்கள். வாக்கிங் ஃபுட்டோ (மேல்துணியையும் சேர்த்து நகர்த்துவது) ஃப்ரீ மோஷன் ஃபுட்டோ (துணியைக் கையால் நகர்த்தித் தைக்க உதவுவது) புதிதாக மாட்டிய பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால், தயவுசெய்து டென்ஷனைத் தொடாதீர்கள். நன்றாக இருந்ததையும் கலைத்துவிட்டால் எது கோளாறு என்று கண்டுபிடிப்பது இரட்டை வேலையாகிவிடும். பழைய சாதாரண ஃபுட்டை மாட்டி, இரண்டடுக்குப் பருத்தித் துணியில் ஒரு சாண் நீளம் தைத்துப் பாருங்கள். தையல் ஒழுங்காக வந்தால் மெஷின் நன்றாகவே இருக்கிறது. புது ஃபுட் உட்கார்ந்திருக்கும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஷாங்க் உயரத்தை அளக்காமல் வாங்குவது

பெட்டியில் ‘யுனிவர்சல்’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்குவதுதான் முதல் தவறு. எல்லா மெஷினுக்கும் பொருந்தும் ஃபுட் என்று ஒன்று கிடையாது. ஃபுட்டை மெஷினோடு சேர்க்கும் மேல்பகுதிதான் ஷாங்க். அதன் உயரத்தை அளப்பது ஒரு நிமிட வேலை. சாதாரண ஃபுட்டைக் கீழே இறக்கி, ஊசித்தட்டிலிருந்து ஃபுட்டைப் பிடித்திருக்கும் திருகின் நடுப்புள்ளி வரை ஸ்கேலால் அளவெடுங்கள். ஏறக்குறைய அரை அங்குலம் (12 முதல் 13 மி.மீ.) இருந்தால் லோ ஷாங்க், ஒரு அங்குலம் (25 மி.மீ.) அளவில் இருந்தால் ஹை ஷாங்க். சிங்கரின் 401, 500 போன்ற பழைய மாடல்களில் ஊசியும் ஷாங்க்கும் முன்பக்கம் சாய்ந்திருக்கும். அவற்றுக்கு ஸ்லான்ட் ஷாங்க் ஃபுட்தான் வேண்டும், வேறெதுவும் உதவாது. பெர்னினா மெஷின்களில் ஃபுட் மாட்டும் முறையே தனி. பொதுவான ஃபுட்டுக்கு அடாப்டர் தேவை.

தவறான உயரம் எப்படித் தெரியும்? ஹை ஷாங்க் மெஷினில் லோ ஷாங்க் ஃபுட்டை மாட்டினால், ஃபுட்டை ஏற்றி இறக்கும் நெம்புகோலை முழுவதும் இறக்கிய பிறகும் ஃபுட் துணியைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். லோ ஷாங்க் மெஷினில் ஹை ஷாங்க் ஃபுட்டை வைத்தால் அடிப்பகுதி தட்டில் முட்டிக்கொண்டு, திருகுத் துளை திருகுக்கு நேராகவே வராது. முதல் நிலைமைக்கு அடாப்டர் உண்டு. ஆனால் வாக்கிங் ஃபுட்டுக்கு அடாப்டர் போட்டால், அதன் கவை (கையின் பிளவுபட்ட முனை) ஊசித் திருகை எட்டுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். எட்டாவிட்டால் அந்த ஃபுட்டால் பயனில்லை. இரண்டாவது நிலைமைக்கு வழியில்லை, ஃபுட்டைத் திருப்பிக் கொடுப்பதே நல்லது.

ஸ்னாப் ஹோல்டரின் மேலேயே மாட்டப் பார்ப்பது

சாதாரண ஃபுட் ‘கிளிக்’கென்று மாட்டிக்கொள்ளும் மெஷினில், அந்தக் கிளிக்குக்கு மேலே ஒரு சிறு ஹோல்டர் இருக்கிறது. வாக்கிங் ஃபுட்டுக்கும் பெரும்பாலான ஃப்ரீ மோஷன் ஃபுட்களுக்கும் இந்த ஹோல்டரையே திருகு கழற்றி எடுத்துவிட வேண்டும். கழற்றிய திருகைப் பத்திரமாக வையுங்கள். நீளமோ மரையோ வேறான திருகைப் போட்டு முறுக்கினால் பிரஷர் பாரின் (ஃபுட்டைத் தாங்கும் தண்டின்) மரை தேய்ந்துவிடும். அதன் பிறகு எந்த ஃபுட்டும் இறுக்கமாக நிற்காது.

வாக்கிங் ஃபுட்டின் கவையைக் கவனிக்காதது

பெரும்பாலான கோளாறு இங்கேதான். வாக்கிங் ஃபுட்டின் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கை வெறும் பிடி அல்ல. ஊசி இறங்கும்போது அந்தக் கையும் இறங்கி, ஃபுட்டுக்குள் இருக்கும் மேல்பற்களைத் துணியிலிருந்து தூக்குகிறது. ஊசி ஏறும்போது மேல்பற்கள் துணியைப் பிடித்து, ஊசித்தட்டில் இருக்கும் கீழ்ப்பற்களோடு சேர்ந்து பின்னால் நகர்த்துகின்றன. ஆகவே கையின் கவை, ஊசியைப் பிடித்திருக்கும் திருகை இருபுறமும் கவ்வியிருக்க வேண்டும். திருகு கவைக்கு வெளியே இருந்தால் மேல்பற்கள் வேலையே செய்யாது. கனமான சாதாரண ஃபுட்டை மாட்டியதுபோல மேல்துணி தள்ளப்படும். கை முழுவதும் திருகுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம், ஊசித்தண்டு இறங்கும்போது அதை அடித்து வளைத்துவிடும்.

மாட்டும் வரிசை இது. மின்சாரத்தை நிறுத்துங்கள். ஊசியை உச்சிக்குக் கொண்டுவந்து, நெம்புகோலைத் தூக்குங்கள். சில மெஷின்களில் நெம்புகோலைக் கையால் இன்னும் சற்று மேலே தள்ளிப் பிடிக்கலாம். பருமனான ஃபுட் நுழைய அந்த இடைவெளி உதவும். முதலில் கவையை ஊசித் திருகில் கோத்து, பிறகு ஷாங்க்கை பிரஷர் பாரோடு சேருங்கள். திருகை விரலால் பாதி முறுக்கி, நெம்புகோலை இறக்கி, ஃபுட் தட்டில் சமமாக உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு திருப்புளியால் இறுக்குங்கள். விரலால் இறுக்கியது போதாது. வாக்கிங் ஃபுட் ஒவ்வொரு தையலிலும் அதிர்கிறது. திருகு தளர்ந்தால் ஃபுட் கீழே இறங்கி, ஊசி உலோகத்தில் குத்தி முறியும். பலர் மறப்பது இன்னொன்று: கவை விடாமல் உரசுவதால் ஊசித் திருகும் தளரும், ஊசியே கழன்று விழும். பாபின் மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு திருகுகளையும் தொட்டுப் பாருங்கள்.

இறுக்கியதும் நேராகப் பெடலை மிதிக்காதீர்கள். கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மூன்று நான்கு சுற்று கையால் சுற்றுங்கள். ஊசி துளையின் நடுவில் இறங்குகிறதா, எங்காவது உரசுகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பற்களின் அகலமும் ஊசியின் இடமும்

ஷாங்க் சரியாகப் பொருந்தியும் துணி கோணலாகப் போனால் ஃபுட்டின் அடியைப் பாருங்கள். 9 மி.மீ. அகல ஜிக்ஜாக் போடும் மெஷினில் கீழ்ப்பற்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும். 5 அல்லது 7 மி.மீ. மெஷினுக்குச் செய்த வாக்கிங் ஃபுட்டின் மேல்பற்கள் அவற்றுக்கு நேராக வராது, பிடிமானம் பாதியாகிவிடும். விளிம்பிலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைக்க உதவும் ஒல்லியான கால் அங்குல ஃபுட்டிலும் இதே தொல்லை: வலப்பக்கப் பல் ஃபுட்டுக்கு வெளியே கிடந்தால், துணி ஒருபக்கமாக இழுக்கும். நேர்த்தையலைத் தேர்ந்தெடுத்ததும் சில மெஷின்களில் ஊசி இடப்பக்கம் போய் நிற்கும். ஒற்றைத் துளை உள்ள ஃபுட்டில் அப்படியே தைத்தால் ஊசி முறிவது நிச்சயம். ஊசியை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே தொடங்குங்கள்.

கால் அங்குல ஃபுட் உண்மையிலேயே கால் அங்குலம்தான் தருகிறதா என்று சோதிக்காமல் குவில்ட் முழுவதையும் இணைத்துவிடுவது வருத்தம் தரும் தவறு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, பக்கம் பக்கமாக இணைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும் மொத்தம் 3.5 அங்குலமும் இருக்க வேண்டும். குறைந்தால் ஊசியை ஒரு படி வலப்பக்கம் நகர்த்துங்கள், அதிகமானால் இடப்பக்கம். நகர்த்தியதும் ஊசி ஃபுட்டில் படாததை மறுபடி சக்கரம் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீ மோஷன் ஃபுட்டில்

இந்த ஃபுட்டின் கம்பி ஊசித் திருகுக்கு மேலே உட்கார வேண்டும். ஊசி கீழே இருக்கும்போது ஃபுட் துணியை லேசாகத் தொட வேண்டும்; ஊசி ஏறும்போது தூக்கிக் கொடுக்க வேண்டும். ரொம்ப அழுத்தினால் துணியைக் கையால் நகர்த்த முடியாது. ரொம்பத் தளர்ந்தால் துணி ஊசியோடு சேர்ந்து மேலே எழும்பி, தையல் விட்டுவிட்டு விழும். அழுத்தம் கூடுதலாக இருந்தால், மெஷினில் பிரஷர் திருகு இருக்குமானால் அதைத் தளர்த்திப் பாருங்கள். கீழ்ப்பற்களை இறக்கிவிட்டு, தையல் நீளத்தை 0-வில் வையுங்கள்.

ஃபுட் துணிக்கு மேலே மிதப்பதுபோல் தெரிவதால் நெம்புகோலை இறக்க மறந்துவிடுவார்கள். நெம்புகோல் மேலே இருக்கும்வரை டென்ஷன் தட்டுகள் திறந்தே இருக்கும், மேல்நூலுக்குப் பிடிமானமே இராது. துணியின் அடியில் நூல் கூடு கட்டிவிடும். அதைப் பார்த்து ஃபுட் பொருந்தவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

வாக்கிங் ஃபுட்டில் இதற்கு நேர்மாறு: கீழ்ப்பற்கள் மேலேயே இருக்க வேண்டும், தையல் நீளம் 2.5 முதல் 3 மி.மீ., நடுத்தர வேகம். பெரும்பாலான வாக்கிங் ஃபுட்களை ரிவர்ஸில் ஓட்டக்கூடாது. முடிவில் மிகச்சிறு தையல்கள் சிலவற்றைப் போட்டு நூலை உறுதிப்படுத்தலாம். மூன்றடுக்குக்கு 90/14 அளவு ஊசி, தட்டையான பக்கம் உங்கள் மெஷினுக்குரிய திசையில், மேலே முட்டும்வரை ஏற்றியிருக்க வேண்டும். அரைகுறையாக ஏறிய ஊசி கவை பிடிக்கும் இடத்தில் இடைஞ்சல் தரும், தையலும் விடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் எந்த ஃபுட்டை மாட்டினாலும் கோணலாகவே நின்றால், சாதாரண ஃபுட்டைப் போட்டு முன்னாலிருந்து பாருங்கள். அதன் விரல்கள் கீழ்ப்பற்களுக்கு இணையாக இல்லையென்றால் பிரஷர் பாரே திரும்பியிருக்கிறது. பெரும்பாலும் ஊசி முறிந்த வேகத்திலோ, தடித்த மடிப்பில் இழுத்ததிலோ திரும்பியிருக்கும். பக்கத் தகட்டுக்குள் அதைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி நேராக்கலாம், ஆனால் உயரமும் கூடவே மாறிவிடும். மெக்கானிக்கிடம் எடுத்துப் போகும்போது குவில்டிங் ஃபுட்டையும் கையோடு கொண்டுபோய், அதை மாட்டிவைத்தே சரிபார்க்கச் சொல்லுங்கள்.