பெர்லினுக்குப் புதிதா? ஜோடி நடனம் கற்கத் தனியாகவே போகலாம்

வீடு கிடைத்து, ஆன்மெல்டுங் (முகவரிப் பதிவு) முடிந்து, வங்கிக் கணக்கும் திறந்தாயிற்று. அதற்கப்புறம்தான் பலருக்கு அடுத்த பிரச்சினை தெரியவரும்: ஆபீஸ் விட்டால் பேச ஆள் கிடையாது. டிசம்பரில் மாலை நாலு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், கூட வேலை பார்ப்பவர்கள் நல்லவர்கள்தான் என்றாலும் ஐந்தரைக்கு மேல் அவரவர் வீடு. நம்ம ஊர்க்காரர்கள் கூடும் பொங்கல் விழாவும் கிரிக்கெட்டும் இருக்கின்றன, போங்கள், ஆனால் அங்கே மட்டும் போய்க்கொண்டிருந்தால் மூன்று வருடம் கழித்தும் இந்த ஊர் உங்களுக்கு வெளியூர்தான். ஜோடி நடன வகுப்பு ஒன்றில் சேருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்குக் காரணம், வாரா வாரம் அதே முகங்களைப் பார்ப்பீர்கள், ஜெர்மன் திக்கினாலும் ஒரு பாட்டு நேரம் யாரோடாவது சேர்ந்து எதையாவது செய்யலாம். வகுப்பில் எல்லாரும் எல்லாரையும் ‘டூ’ (நீ) என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்குரிய ‘ஸீ’யா (நீங்கள்) ‘டூ’வா என்ற குழப்பம் அங்கே இல்லை.

எந்த நடனம்? சல்சாவில் எட்டு எண்ணிக்கை. 1, 2, 3 காலெடுத்து 4-இல் நிற்க வேண்டும், 5, 6, 7 காலெடுத்து 8-இல் நிற்க வேண்டும். ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த எட்டுக்குள் நிற்பது பெரிய வேலையே இல்லை. டொமினிகன் குடியரசிலிருந்து வந்த பச்சாத்தா இன்னும் சுலபம், மூன்று அடி வைத்து நான்காவதில் ஒரு தட்டு, முதல் வாரமே ஆடுகிற மாதிரி இருக்கும். நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின மக்கள் 1920-களின் கடைசியில் உருவாக்கிய லிண்டி ஹாப்பில் கூட்டம் ஜாலியானது, ஷூவோடு குதிக்கலாம். டாங்கோ வேறு கதை. பெர்லினில் டாங்கோ ஆடுகிறவர்கள் நிறைய, ஆனால் ஒழுங்காக நடக்கக் கற்றுக்கொள்ளவே மாதங்கள் ஆகும். பொறுமைசாலி என்றால் நேரே அதற்கே போங்கள், இல்லையென்றால் பச்சாத்தாவில் ஆரம்பியுங்கள்.

பணம் யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே, அதாவது பெரியவர்களுக்கான பொதுக் கல்வி மையம். பெர்லினின் 12 மாவட்டங்களிலும் ஒன்று உண்டு, கட்டணம் குறைவு. பல்கலைக்கழகங்களின் விளையாட்டு வகுப்புகளான ஹோக்ஷூல்ஸ்போர்ட்டில் மாணவர்களுக்கு இன்னும் மலிவு, வெளியாட்களையும் கொஞ்சம் கூடுதல் கட்டணத்தில் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் இடங்கள் சட்டென்று தீர்ந்துவிடும். தனியார் பள்ளிகளில் பணம் கட்டுவதற்கு முன் ‘ஷ்னுப்பர்’ வகுப்பு, அதாவது ஒரு நாள் வந்து பார்க்கிற வகுப்பு, உண்டா என்று கேளுங்கள். இன்னொன்று: வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் சொல்லித்தரும் பழைய பாணி டான்ஸ்ஷூலேக்களில் (நடனப் பள்ளிகளில்) பெரும்பாலும் ஜோடியாகவே பதியச் சொல்வார்கள், டாங்கோவிலும் பல இடங்களில் அப்படித்தான். சல்சா, பச்சாத்தா, லிண்டி ஹாப் வகுப்புகளில் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிவிடுவதால் தனியாகப் போகிறவருக்கு அதுதான் தோது.

சரி, நம்மவர்கள் தயங்குவது காலை நினைத்து இல்லை, கையை நினைத்துத்தான். முன்பின் தெரியாத ஒருவரின் முதுகில் கை வைப்பதா, அம்மா வாட்ஸ்அப்பில் பார்த்தால் என்ன சொல்வார் என்றெல்லாம் ஓடும். அங்கே யாரும் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. கை தோள்பட்டை எலும்பின் மேல் இருக்கட்டும், இறுக்கிப் பிடிக்காதீர்கள், வலித்தால் சொல்லுங்கள், எதிராளி சொன்னால் உடனே மாற்றுங்கள். நெருக்கமாக ஆட வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, தள்ளி நின்றே ஆடலாம். கணவனும் மனைவியுமாகப் போகிறவர்கள் ஆள் மாற்றுவதைப் பற்றி வீட்டிலேயே பேசிவிட்டு வாருங்கள். மாற விருப்பம் இல்லை என்று ஆசிரியரிடம் சொன்னால் விட்டுவிடுவார்கள், ஆனால் மாறி ஆடுகிறவர்கள்தான் சீக்கிரம் கற்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வியர்வைக்கு மாற்றுச் சட்டை ஒன்று பையில் வையுங்கள், மத்தியானம் பூண்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தால் ஒரு பெப்பர்மிண்ட்டும் சேர்த்து.

வகுப்போடு நிறுத்தாதீர்கள். ஆடுகிற மாலைகளுக்கு முதல் மாதத்திலிருந்தே போக வேண்டும், பல இடங்களில் பார்ட்டி தொடங்குவதற்கு முன் ஆரம்பநிலை வகுப்பு ஒன்று சேர்ந்தே இருக்கும். நன்றாக வந்தபிறகு போகலாம் என்று காத்திருப்பவர்கள் கடைசிவரை போவதே இல்லை. சல்சா மாலையில் நேரே போய்க் கேட்கலாம், பெண்களும் கேட்பார்கள். ‘நைன், டாங்கே’ (வேண்டாம், நன்றி) என்று பதில் வந்தால் காரணம் கேட்காமல் சிரித்துவிட்டு நகருங்கள், நீங்களும் காரணம் சொல்லாமல் மறுக்கலாம். டாங்கோ ஆடும் மாலையான மிலோங்காவில் மட்டும் கண்ணாலேயே கேட்பார்கள், தூரத்திலிருந்து பார்த்துத் தலையசைத்தால் சம்மதம். மூன்று நான்கு பாடல்கள் சேர்ந்தது ஒரு தாண்டா, நடுவில் வேறு மாதிரி இசை ஒன்று சிறிது நேரம் ஒலிக்கும்வரை அதே ஜோடிதான். முதல் பாட்டு முடிந்ததும் மரியாதைக்கு நன்றி சொல்கிற நம் பழக்கம் அங்கே காலை வாரிவிடும், தாண்டாவுக்கு நடுவில் நன்றி சொன்னால் ‘போதும், கிளம்புகிறேன்’ என்று அர்த்தம். அப்புறம், ஆடிக்கொண்டிருக்கும்போதே எதிராளிக்குப் பாடம் எடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

குடிக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம், பாதிப் பேர் கையில் தண்ணீரோ ஆப்பிள் ஷோர்லேவோதான் (சோடா கலந்த ஆப்பிள் சாறு) இருக்கும். ரப்பர் அடிப்பாகம் தரையைப் பிடித்துக்கொண்டால் திரும்பும்போது முழங்கால்தான் வாங்கிக்கட்டிக்கொள்ளும், ஆகவே வழுக்கிச் சுழலக்கூடிய பழைய தோல் ஷூ போதும், நடன ஷூ பிறகு வாங்கலாம். கோடையில் போடே அருங்காட்சியகத்துக்கு எதிர்க்கரையில், ஸ்ப்ரே ஆற்றோரம் திறந்தவெளியில் ஆடும் வழக்கம் பல வருடங்களாக உண்டு, வேடிக்கை பார்க்கவாவது போங்கள். 1913-இல் திறந்த கிளெர்ஹென்ஸ் பால்ஹவுஸ் ஆகுஸ்ட் தெருவில் இருக்கிறது, இரண்டு உலகப் போரையும் தாண்டிய நடனக் கூடம். எங்கே போனாலும் கிளம்பும் அன்று ஒருமுறை நிகழ்ச்சி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி, சனி இரவுகளில் ஊ-பான் (மெட்ரோ ரயில்) விடிய விடிய ஓடும், மற்ற நாட்களில் இரவுப் பேருந்துதான், அதனால் புதியவர்கள் வாரக்கடைசியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. புனித வெள்ளியன்று மட்டும் பெர்லினில் காலை 4 மணியிலிருந்து இரவு 9 வரை பொது நடன நிகழ்ச்சிகளுக்குச் சட்டப்படியே தடை, பவேரியாவில் இப்படிப்பட்ட நாட்கள் இன்னும் அதிகம். அன்றைக்கு ஆட்டம் இருந்தால் ஒன்பதுக்கு மேல்தான் ஆரம்பிக்கும்.