எத்தியோப்பியாவுக்கு வருகிறீர்களா? முதலில் ஊர்த் தண்ணீரை விசாரியுங்கள்

வேலை உத்தரவு கைக்கு வந்ததும் சம்பளம், வீடு, பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாவற்றையும் விசாரிப்போம். எத்தியோப்பியாவுக்கு வருகிறவர்கள் கூடவே இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: போகிற ஊர் எந்த ஆற்றை, எந்த ஏரியை ஒட்டி இருக்கிறது? குழாயில் வரும் தண்ணீர், கொசுத் தொல்லை, சந்தையில் கிடைக்கும் மீன் எல்லாம் அதை வைத்துத்தான். நம் ஊரிலிருந்து இங்கே கல்லூரிகளில் பாடம் நடத்த வருகிற பலருக்கு ஹவாசா, அடாமா, அர்பா மிஞ்ச், பஹிர் தார் போன்ற ஊர்களில்தான் வேலை அமைகிறது. நானும் அப்படி வந்தவன்தான். சொந்த ஊர் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம்.

1993-இல் எரித்ரியா தனி நாடான பிறகு எத்தியோப்பியாவுக்குக் கடற்கரை கிடையாது. கப்பலில் நாம் அனுப்பும் சாமான் பக்கத்து நாடான ஜிபூத்தியில் இறங்கி, அங்கிருந்து லாரியிலோ ரயிலிலோ மலையேறி வரவேண்டும். அதனால் குக்கரையும் புளியையும் கையோடு கொண்டு வாருங்கள். தலைநகர் அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. தண்ணீர் அங்கே சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாதாரணப் பாத்திரத்தில் துவரம்பருப்பு வைத்தால் ஒரு மணி நேரம் கழித்தும் நறுக்கென்று இருக்கும். குடிப்பதற்குக் காய்ச்சும்போதும் கொதி வந்த உடனே இறக்காமல் மூன்று நிமிடம் விடுங்கள்.

நாட்டின் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒரு பெரும் பள்ளத்தாக்கு போகிறது. பூமியின் தட்டுகள் விலகுவதால் உண்டான பிளவு அது. இன்னமும் விலகிக்கொண்டுதான் இருக்கிறது. 2005-இல் அஃபார் பகுதியில் சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்து, சில இடங்களில் எட்டு மீட்டர் வரை விலகியது. 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் ஃபென்டாலே எரிமலைப் பக்கம் அடுத்தடுத்து நிலநடுக்கம் வந்து ஆயிரக்கணக்கானவர்களை இடம் மாற்றினார்கள். அடிஸ் அபாபாவிலும் வீடு ஆடியது. மாடியில் குடியேறினால் கட்டில் தலைமாட்டில் பீரோ வேண்டாம்.

அந்தப் பள்ளத்தில்தான் ஏரிகள் வரிசையாகக் கிடக்கின்றன: ஸிவாய், லங்கானோ, அபியாட்டா, ஷாலா, ஹவாசா, அபாயா, சாமோ. பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. ஷாலா இருநூறு மீட்டருக்கு மேல் ஆழம். அதை ஒட்டிய அபியாட்டாவோ ஆழமில்லாத உவர் ஏரி. பாசனத்துக்கும் சோடா உப்புத் தொழிற்சாலைக்கும் தண்ணீரை எடுத்து எடுத்து அது சுருங்கிப்போனது. கரையோரம் வெண்மையாகக் காய்ந்து கிடக்கும் சேற்றைப் பார்த்தால் மனசு கனக்கும்.

இனி நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல நினைப்பது. ஸிவாய் ஏரிக்கரையில் ஒரு தேநீர்க் கடை. டம்ளரை நீட்டிய பையன் சிரித்தான். முன்பற்களில் குறுக்காகப் பழுப்புக் கோடுகள். சிறுவயதில் எங்கள் ஊரில் என்னோடு படித்தவர்கள் பலருக்கு இருந்த அதே பல். கேட்கவே தேவையில்லை, குடிநீரில் அளவுக்கு மீறிய ஃப்ளோரைடு உப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தக் கொடுமைக்காகத்தான். இங்கே பிளவுப் பள்ளத்தாக்கின் எரிமலைப் பாறைகளில் ஊறி வரும் நிலத்தடி நீரில் பல இடங்களில் அது அதிகம். அடாமாவுக்கு அருகே வொன்ஜி கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடம் பல்லையும் தாண்டி எலும்பு வரை பாதித்தது பல வருடங்களாகப் பதிவாகியிருக்கிறது. காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் கெட்டிப்படும். எனவே வீட்டு உரிமையாளரிடம் “போர் தண்ணீரா, ஆற்றுத் தண்ணீரா?” என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். பல் முளைக்கும் வயதில் பிள்ளைகள் இருந்தால் பரிசோதித்த தண்ணீரைத் தவிர வேறு எதையும் கொடுக்காதீர்கள். பாட்டில் தண்ணீரை இங்கே எந்த கம்பெனியாக இருந்தாலும் ‘ஹைலாண்ட்’ என்றே கேட்பார்கள்.

குழாய் எல்லா நாளும் வராது. மாடியில் ‘ரோட்டோ’ தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள், மஞ்சள் ஜெரிகேன் நான்கு வாங்கி வையுங்கள். “வுஹா அல்லெ?” என்றால் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். “யெல்லெம்” என்றால் இல்லை. இங்கே பேசும் அம்ஹாரிக் மொழியில் நான் முதலில் கற்றது இதுதான். பக்கத்து வீட்டு அம்மா காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். இருப்பவர் இல்லாதவருக்கு ஒரு ஜெரிகேன் கொடுப்பது அந்தத் தெருவில் வழக்கம்.

ஹவாசா போகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். விடியற்காலையில் ஏரிக்கரை மீன் சந்தைக்குப் போங்கள். வலையிலிருந்து பிரித்தெடுத்து அங்கேயே செதில் சீவித் தருவார்கள். ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட நிற்கும் பெருநாரைகள் குடலுக்காகக் காலடியிலேயே காத்து நிற்கும். ‘கொரோசோ’ என்று விற்பது நம் ஜிலேபி மீன்தான், புளிக்குழம்புக்கு அருமை. மீனுக்குப் பொதுப்பெயர் ‘ஆசா’. முள் பிடிக்காதவர்கள் தெற்கே சாமோ ஏரியிலிருந்து வரும் ‘நெச் ஆசா’, அதாவது வெள்ளை மீன் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் ஏரியைப் பார்த்ததும் இறங்கிக் குளிக்கும் நம் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஸிவாயிலும் வடக்கே தானா ஏரியிலும் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்னும் புழுநோய் உண்டு. கோரைக்குள் கால் நனைத்தாலே புழு தோல் வழியாக உடம்புக்குள் போகும். கொசு விஷயம் வேறு. அடிஸ் அபாபாவின் உயரத்தில் மலேரியா இல்லை. 2,000 மீட்டருக்குக் கீழே, அதாவது ஹவாசா, பஹிர் தார், அர்பா மிஞ்ச் எல்லாவற்றிலும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ‘கிரெம்ட்’ மழை ஓய்ந்த பிறகுதான் அதிகமாகும். வலை கட்டிப் படுங்கள்.

ஆறுகளில் ஆவாஷ் விசித்திரமானது. அடிஸ் அபாபாவுக்கு மேற்கே மலையில் பிறந்து, கரும்பு வயல்களுக்குப் பாய்ந்து, கடல் பக்கமாகவே ஓடி, கடலைச் சேராமல் ஜிபூத்தி எல்லையில் உப்பேரிகளில் முடிந்துவிடுகிறது. லூசி என்று பெயரிட்ட 32 லட்சம் வருடத்து எலும்புக்கூடு 1974-இல் கிடைத்தது அதன் பள்ளத்தாக்கில்தான்.

அபாய் ஆற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் நிதானமாகப் பேசுங்கள். நீல நைல் என்று நாம் படித்தது அதுதான். எகிப்துக்குப் போகும் நைல் தண்ணீரில் பெரும்பங்கு எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் மழை. அந்த ஆற்றின் குறுக்கே 2011-இல் தொடங்கி 2025 செப்டம்பரில் திறந்த பெரும் அணைக்கு இங்குள்ள சாதாரண ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள் தங்கள் சம்பளத்திலிருந்து பத்திரம் வாங்கியிருக்கிறார்கள். வகுப்பில் அணையின் பெயரை எடுத்தால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். காவிரி என்றால் நமக்கு எப்படியோ அப்படி. பஹிர் தார் அருகே அபாய் அருவியாக விழும் இடத்துக்குத் ‘திஸ் அபாய்’ என்று பெயர். ‘திஸ்’ என்றால் புகை. ஒகேனக்கல் என்ற பெயரிலும் புகைதான் இருக்கிறது, புகையும் கல் என்று கன்னடத்தில் பொருள். அருவிக்கு முன்னால் நின்றபோது யாரோ எங்கள் ஊருக்குக் கூட்டிப்போனது போல் இருந்தது. ஆற்றுநீரில் பெரும்பகுதியை மின் நிலையத்துக்குத் திருப்புவதால் மழைக்காலம் முடிந்த கையோடு போனால்தான் முழு அருவியைப் பார்க்கலாம். 2023 முதல் அந்தப் பகுதியில் மோதல் நடந்திருக்கிறது. கிளம்புமுன் தூதரகத்தின் அறிவுரையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அர்பா மிஞ்ச் என்றால் நாற்பது ஊற்று. மேட்டிலிருந்து கீழே பார்த்தால் இடதுபுறம் அபாயா செம்மண் கரைத்தாற்போல், வலதுபுறம் சாமோ நீலமாக, நடுவே ‘கடவுளின் பாலம்’ என்னும் ஒரு மலைமுகடு. ஊருக்குக் குடிநீர் அடிவாரக் காட்டில் சுரக்கும் அந்த ஊற்றுகளிலிருந்துதான். 1986-இல் நீர்த் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று இங்கே தொடங்கியதே பிறகு பல்கலைக்கழகமாக வளர்ந்தது. சாமோவில் முதலை பார்க்கப் படகு உண்டு. படகுக்காரர் “இரண்டு மணிக்கு வாருங்கள்” என்றால் காலை எட்டு மணிக்கு. இங்கே கடிகாரம் விடியலிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. கரையில் தண்ணீர் விளிம்புக்குப் போகாமல், அவர் கைகாட்டிய பிறகு நேராகப் படகில் ஏறுங்கள்.