பம்பு ஆயிலில் டீசல் கலந்தது: நான் சரிசெய்த விதம்

என் டீசல் இன்ஜினில் இருப்பது பழைய இன்லைன் பம்பு, அதாவது டீசலை அதிக அழுத்தத்தில் இன்ஜினுக்குள் அனுப்பும் பம்பு. ஆயில் மட்டம் பார்க்க அதன் பக்கவாட்டு பிளக்கைக் கழற்றினால் ஆயில் கொடகொடவென்று வெளியே வந்தது, தண்ணீர் மாதிரி, முகர்ந்தால் டீசல் வாடை. பதறிவிட்டேன்.

இந்த வகைப் பம்பில் மேலே டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சரும் அது ஏறி இறங்கும் உருளையான பேரலும் ஒன்றுக்கொன்று ஜோடியாகவே செய்யப்பட்டவை, இடைவெளி சில மைக்ரான்தான், அங்கே மசகு வேலையை டீசலே செய்கிறது, அதனால்தான் டீசலில் தண்ணீர் சேர்ந்தால் பம்பு சீக்கிரம் வீணாகிறது. கீழே பிளஞ்சரை மேலே தள்ளும் கேம்ஷாஃப்ட், ரோலர், பேரிங் எல்லாம் ஆயிலில் ஓடுகின்றன. சில பம்புகளுக்கு இன்ஜினிலிருந்தே ஆயில் வரும், என்னுடையதற்குத் தனியாக ஊற்ற வேண்டும்.

சரி, டீசல் எப்படிக் கீழே இறங்கியது? பிளஞ்சர் தேய்ந்திருந்தால் இன்ஜின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. அதனால் பக்கத்தில் கேம்ஷாஃப்ட் இயக்கும் ஃபீட் பம்பின் மேல் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்னப் பம்பு) சந்தேகம் வந்தது. கழற்றிப் பார்த்தேன், அதன் தண்டைச் சுற்றியுள்ள சீல் இறுகி வெடித்திருந்தது!

புது சீல், புது கேஸ்கெட் போட்டு, கெட்ட ஆயிலை முழுக்க வடித்து, கொஞ்சம் புது ஆயில் விட்டு அலசிக் கொட்டிவிட்டு, பிளக் மட்டம் வரை நிரப்பினேன். அப்புறம் ஃபீட் பம்பைக் கையால் இயக்கி டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றினேன். 20 மணி நேரம் ஓட்டியபின் பார்த்தால் மட்டம் ஏறவே இல்லை. பம்பு ஆயிலை இப்போது இன்ஜின் ஆயிலோடு சேர்த்தே மாற்றுகிறேன்.