நாள் தள்ளிப்போகும்போது நாங்கள் விடும் பிழைகள்

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போதே யாழ்ப்பாணத்துப் பாமசிகளில் ஒரு குளுசைக்குக் கேள்வி கூடிவிடும். மாதவிலக்கைப் பின்போடும் நோரெத்திஸ்டெரோன். 25 நாள் திருவிழா, தேர், தீர்த்தம், வீட்டில் விரதம். ஒரு நாளும் தவறக்கூடாது என்று வைத்தியரின் துண்டோடு வந்து வாங்குகிறார்கள். நானும் பாமசியில் நின்று எடுத்துக் கொடுத்திருக்கிறேன். திருவிழா முடிந்தும் நாள் வராவிட்டால், “குளுசை போட்டதாலதான் தள்ளிப்போகுது” என்று மனம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ளும். அப்படியே ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்துவிடும்.

நான் அதிகம் கண்ட பிழை இதுதான். அந்தக் குளுசையை நிறுத்தினால் வழக்கமாக 2, 3 நாட்களில் இரத்தப்போக்கு வந்துவிடும். ஒரு கிழமையாகியும் வராவிட்டால் கர்ப்ப டெஸ்ட் செய்து பார்க்க வேண்டும். நாளைப் பின்போடப் போடும் குளுசை கர்ப்பத்தைத் தடுக்காது. இதுவும் கருத்தடைக் குளுசையும் ஒன்றுதான் என்று நம்பி இருந்துவிட்டு வந்து அழுதவர்கள் உண்டு.

அடுத்தது, சத்தி வரட்டும் என்று பார்த்திருப்பது. சத்தியும் ஓங்காளமும் பெரும்பாலும் ஆறாம் கிழமையளவில்தான் தொடங்கும். சிலருக்குக் கடைசிவரை வருவதே இல்லை. அதற்கு முன்னரே மார்பு நோகலாம், அலுப்பாக இருக்கலாம், அடிக்கடி சிறுநீர் போகலாம். மீன் பொரிக்கும் மணம் திடீரென்று பிடிக்காமல் போகலாம். ஆனால் மாதவிலக்கு வருவதற்கு முன்னும் மார்பு நோகும், அலுப்பு வரும். அதனால் உடம்பு சொல்வதை மட்டும் வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஒருமுறை ஒரு பிள்ளை, கடையில் நின்ற மற்றவர்கள் போகும்வரை ஷாம்பூப் போத்தல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிட்ட வந்து, “அக்கா, வயித்துக்க எரியுது, கேஸ்ட்ரிக் குளுசை ஒண்டு தாங்கோ” என்றாள். ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை. “தங்கச்சி, கடைசியா எப்ப நாள் வந்தது?” என்று மெதுவாகக் கேட்டேன். அவளுக்குத் திகதி நினைவில்லை. கேஸ்ட்ரிக், சிறுநீர்க் கிருமி, நாரி நோ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மருந்து வாங்குகிறவர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்று யோசிப்பதில்லை. கலண்டரில் மாதந்தோறும் ஒரு புள்ளி போட்டுவைத்தால் போதும்.

சிறிது இரத்தம் கண்டதும் “வந்துவிட்டது” என்று நிம்மதியடைவதும் பிழைதான். கரு கருப்பையில் பதியும் நாட்களில், அதாவது கருத்தரித்து 10 முதல் 14 நாளளவில், சிலருக்கு இளஞ்சிவப்பாகவோ மண்ணிறமாகவோ கொஞ்சம் படும். ஓரிரு நாளில் நின்றுவிடும், பாட் நனையாது. அதை மாதவிலக்கென்று கணக்கில் எடுத்தால் ஒரு மாதமே பிசகிப்போகும். உங்கள் வழக்கத்தைவிடக் குறைவாக, வழக்கமில்லாத நாளில் வந்தால் சந்தேகப்படுங்கள்.

கிழமைக் கணக்கைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதனால் குடும்பங்களுக்குள் சண்டையே வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து கணவர் லீவில் வந்து மூன்று கிழமைதான் ஆகியிருக்கும். வைத்தியரோ ஐந்து கிழமை என்பார். வீட்டில் எல்லோருடைய முகமும் மாறும். இதில் தப்பு எதுவுமே இல்லை. கர்ப்பத்தைக் கணக்கிடுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. கருத்தரிப்பதோ பொதுவாக அதற்கு இரண்டு கிழமை பிந்தி. அந்த இரண்டு கிழமைக்காக ஒரு பெண்ணைச் சந்தேகப்படுவது பெரிய கொடுமை.

பாலூட்டும் அம்மாக்கள் பிரசவத்துக்குப் பிறகு நாள் வராதவரை பயமில்லை என்கிறார்கள். முதல் நாள் வருவதற்கு முன்னரே முட்டை வெளிவந்துவிடலாம். ஆகவே ஒரு தடவைகூட நாள் வராமலே அடுத்த பிள்ளை தரித்துவிடலாம். நாற்பத்தைந்தைத் தாண்டிய அம்மாக்களும் “இனி நிற்கிற வயசுதானே” என்று விட்டுவிடுகிறார்கள். முழுதாக ஒரு வருடம் வராமல் இருந்தால்தான் அது நின்றதாகக் கணக்கு.

அவசரக் கருத்தடைக் குளுசையை உடலுறவுக்குப் பின் 72 மணித்தியாலத்துக்குள் போட்டாலும் அது நூறு வீதம் காப்பாற்றாது. போட்டு ஓரிரு நாளில் படும் இரத்தத்தை மாதவிலக்கென்று நினைக்க வேண்டாம். எதிர்பார்த்த நாளுக்கு ஒரு கிழமை பிந்தினால் டெஸ்ட் செய்யுங்கள்.

சரி, டெஸ்ட்டிலேயே விடும் பிழைகளும் இருக்கின்றன. நாள் தவறுவதற்கு முன்னரே செய்வது முதலாவது. அந்த நேரத்தில், கர்ப்பமானால் சுரக்கும் எச்சிஜி ஹோர்மோன் போதிய அளவு ஏறாமல் இருக்கலாம். நாள் ஒழுங்கில்லாதவர்கள் கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் விட்டுச் செய்யலாம். காலையில் முதல் போகும் சிறுநீர்தான் நல்லது. தண்ணீரை நிறையக் குடித்துவிட்டுச் செய்தால் சிறுநீர் ஐதாகி இல்லை என்று காட்டக்கூடும். உறையிலுள்ள காலாவதித் திகதியைப் பாருங்கள். டெஸ்ட் பட்டியை அதில் போட்டிருக்கும் கோட்டுக்கு மேலே சிறுநீரில் அமிழ்த்த வேண்டாம். அதில் எழுதியிருக்கும் நேரத்துக்குள், பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடத்துக்குள், வாசித்துவிட வேண்டும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் பார்த்துத் தெரிந்த கோட்டை நம்ப வேண்டாம். நேரத்துக்குள் தெரிந்தால் மங்கலான இரண்டாவது கோடும் ‘ஆம்’தான். ‘இல்லை’ என்று காட்டியும் நாள் வராவிட்டால் ஒரு கிழமை கழித்து இன்னொருமுறை.

ஆம் என்று தெரிந்தபிறகு நடப்பவைதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கின்றன. பப்பாசிக்காய், அன்னாசி, கருஞ்சீரகக் கசாயம் என்று யாரோ சொன்னதைக் குடித்து நாட்களைக் கடத்துவது. அல்லது பெயரில்லாத குளுசையை இரகசியமாக வாங்கிப் போடுவது. இலங்கைச் சட்டத்தில் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்புக்கு அனுமதி உண்டு. அந்தப் பயத்தில் இரத்தம் ஊற்றும்போதும் வீட்டுக்குள்ளேயே படுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எது நடந்திருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போட்ட மருந்தை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் விருப்பமில்லாமல் உறவு நடந்ததென்றால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

பிள்ளையைச் சுமப்பதென்றால் காத்திருக்காதீர்கள். குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். ஃபோலிக் அமிலம் மிகவும் தேவைப்படுவது அந்த நாட்களில்தான். உங்கள் ஊர் மிட்வைஃப் மிஸ்ஸிடமோ எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையிலோ எட்டுக் கிழமைக்குள் பதிவு செய்யுங்கள், எல்லாம் இலவசம். கலியாணமாகாத பிள்ளைக்கும் அங்கே அதே உரிமை உண்டு. வலிப்புக்கோ பருவுக்கோ மருந்து போடுகிறவர்கள் உடனே வைத்தியரிடம் கேளுங்கள். சில மருந்துகள் கருவைத் தாக்கும். வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஒன்றுக்கு மட்டும் நாளையென்று தள்ளவே கூடாது. நாள் தவறியிருக்கும்போதோ டெஸ்ட் ஆம் என்று காட்டியபிறகோ அடிவயிற்றில் ஒரு பக்கம் குத்தி நோகிறது, தோள்மூட்டில் இனந்தெரியாத நோ, தலை சுற்றி மயக்கம் வருகிறது என்றால் கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உள்ளே இரத்தம் பெருகும். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸுக்குக் காசில்லை. அம்புலன்ஸில் வருகிறவர்களிடமும் ஆஸ்பத்திரியிலும் முதலில் சொல்லவேண்டியது கடைசியாக நாள் வந்த திகதி.