பின்பால் மெஷினைச் சுத்தம் செய்ய எண்ணெய் வேண்டாம்

பின்பால் என்பது சாய்ந்த பலகையில் எஃகுப் பந்தை உருளவிட்டு ஆடும் பெட்டி விளையாட்டு. பழைய பின்பால் மெஷின் ஒன்று வீட்டுக்கு வந்ததும் பிளக்கைச் சொருகி ஆடிப் பார்க்கத்தான் கை பரபரக்கும். இரண்டு நாள் பொறுங்கள். உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியோடு ஆடினால், பந்து ஒவ்வொரு உருளலிலும் பலகையின் ஓவியத்தைத் தேய்த்துக்கொண்டே போகும்.

இங்கே சொல்வது 1990-களின் தொடக்கத்தில் சிகாகோவில் தயாரான மெஷின்களுக்கு. 1992-ல் பாலி நிறுவனம் வெளியிட்ட 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' மெஷின் மட்டுமே 20,000-க்கு மேல் விற்றது. அந்த வகையறாதான் இன்றும் பலர் வீட்டில் இருக்கிறது.

முதலில் மின்சாரம்

ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்குங்கள். பந்தைத் தட்டும் கைகளான ஃபிளிப்பர்களை இயக்கும் காயில்களுக்கு, அதாவது மின்காந்தச் சுருள்களுக்கு, 50 வோல்ட்டும் அதற்கு மேலும் போகிறது, புள்ளிகளால் மதிப்பெண் காட்டும் திரைக்கு 100 வோல்ட் அளவில் போகிறது. கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் சில நிமிடம் கழித்தே கை வையுங்கள்.

அடுத்து, காசு போடும் கதவைத் திறந்து உள்ளே இருக்கும் நெம்பியை இழுத்தால் முன்பட்டை கழன்று வரும், கண்ணாடியும் உருவி வந்துவிடும். அதைக் கம்பளத்தின் மேல் வையுங்கள். டெம்பர்டு கண்ணாடியின் ஓரம் சிமெண்ட் தரையில் லேசாக இடித்தாலே பொலபொலவென்று உதிர்ந்துவிடும். பலகையைத் தூக்கும் முன் பந்துகளை எல்லாம் வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பின்பக்கம் உருண்டு எதையாவது உடைக்கும்.

போட்டோ, போட்டோ, போட்டோ

எதைக் கழற்றும் முன்பும் நாலு கோணத்தில் படம் எடுங்கள். திருகுகளைச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று நானும் நினைத்தேன். மூன்றாவது நாள், ஒரே மாதிரி தெரிந்த பதினோரு திருகுகளோடு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆடும் பலகை

இது மரம். தண்ணீர் ஊற்றினால் ஊதிப்போகும். முதலில் மென்மையான பிரஷ் வைத்த வேக்குவம், பிறகு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. மேலே கெட்டியான தெளிபூச்சு இருந்து அது நல்ல நிலையிலும் இருந்தால், நோவஸ் 2 பாலிஷை ஒரு சொட்டு துணியில் எடுத்து வட்டமாகத் தேய்க்கலாம். ஓவியம் செதில் செதிலாக உரிந்திருந்தால் உலர்ந்த துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சமையலறையில் கறை எடுக்கும் வெள்ளைப் பஞ்சு, பெயர் என்னவாக இருந்தாலும், உண்மையில் மெல்லிய உப்புத்தாள். அழுக்கோடு வண்ணத்தையும் எடுத்துவிடும்.

நிறம் பூசிய பிளாஸ்டிக் தகடுகளில் அச்சு அடிப்பக்கம் இருக்கும், அங்கே ஆல்கஹால் பட்டால் மை கரையும். ஒளி ஊடுருவும் வளைவுப் பாதைகளைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தை மட்டும் நனைக்க வேண்டாம்.

ஃபிளிப்பர்

இங்கேதான் ஆரம்பக்காரர்கள் மெஷினைக் கெடுக்கிறார்கள். ஃபிளிப்பர் மந்தமாக இருக்கிறதே என்று கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடித்தவன் நான். ஒரு வாரம் பறந்தது, அப்புறம் தூசியோடு சேர்ந்து பசையாகி முன்பைவிட மோசமானது. பொறி பறக்கும் ஸ்விட்ச் பக்கத்தில் எரியக்கூடிய ஸ்பிரேயை அடிப்பது ஆபத்து என்பதும் அப்போது உறைக்கவில்லை. காயிலுக்குள் பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டு ஓடும் நைலான் ஸ்லீவ், அதாவது உறைக்குழாய், எண்ணெயில்லாமல் ஓடவே செய்யப்பட்டது. பழைய ஸ்லீவை எடுத்து எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள், விலை மிகக் குறைவு. பிளஞ்சரின் முனை காளான்போல விரிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

பொன்முலாம் பூசிய ஸ்விட்ச் முனைகளை அரம் வைத்துத் தேய்க்காதீர்கள். விசிட்டிங் கார்டு அளவு கெட்டித்தாளில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தொட்டு, முனைகளுக்கு நடுவே வைத்து இழுத்தால் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

பேட்டரி

மெஷினின் மேலே நிற்கும் பின்பெட்டியில் உள்ள சிபியு போர்டில், அதாவது ஆட்டத்தை நடத்தும் முக்கிய மின்பலகையில், மூன்று ஏஏ பேட்டரிகள் இருக்கும். வருடக்கணக்காகக் கிடந்தால் கசிந்து செம்புத் தடங்களையே தின்றுவிடும். வெள்ளை அல்லது நீலப்பச்சை படிவு தெரிந்தால் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போர்டைக் கழற்றுங்கள். பாதிக்கப்பட்ட இடத்தில் மட்டும் வினிகர் தொட்ட பல்துலக்கியால் தேய்த்து, பிறகு ஆல்கஹாலால் கழுவி முழுக்க உலர விடுங்கள். தடம் அறுந்திருந்தால் அதன் பிறகு ஈயப்பற்று தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

ரப்பரும் பந்தும்

வெடித்த ரப்பர் வளையங்களை மாற்றுங்கள், நல்லவற்றை ஆல்கஹாலால் துடைத்தால் போதும். பந்து 27 மில்லிமீட்டர், 80 கிராம் எஃகு. விளக்கடியில் பிடித்துப் பாருங்கள், ஒரு சின்னக் குழி தெரிந்தாலும் பாலிஷ் போடாமல் தூக்கிப் போடுங்கள். கீறல் விழுந்த பந்து, நீங்கள் மெனக்கெட்டுத் துடைத்த பலகையைச் சுரண்டிவிடும்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு திருகு மிச்சமானால் பிளக்கைச் சொருகாதீர்கள். போட்டோக்களைப் பாருங்கள், பலகைக்கு அடியில் டார்ச் அடித்தும் தேடுங்கள். இன்னொரு திருகு கழன்று இரண்டு காயில் முனைகளுக்கு நடுவே கிடக்கலாம்.